அண்ணனுக்கு ஏ.ஆர்.வி.சி. என்கிறார்கள்: பிள்ளைகள், கருவி, லோரி வேலை, காவடி

மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே, சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு 34 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார்; ஆள் வராத நாளில் அவரே இறங்கிக் குலையும் வெட்டுவார். ஃபுட்சால் ஆடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். ஈப்போவில் சோதித்துவிட்டு ஏ.ஆர்.வி.சி. (இதயத் தசை கெட்டு, துடிப்பு தடுமாறும் நோய்) என்றும், நெஞ்சில் ஐ.சி.டி. கருவி (துடிப்பு கெட்டால் ஷாக் கொடுத்துச் சரிசெய்வது) வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா 41 வயதில் வேலைக்காட்டில் விழுந்து இறந்தவர். அன்றைக்கு மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். தங்கைக்கு 12 வயதில் மகன், 8 வயதில் மகள். மகன் பள்ளியின் ஓட்டக் குழுவில் இருக்கிறான். இது பரம்பரை நோயா, அந்தக் கருவி கட்டாயமா, அண்ணன் வேலைக்குப் போகலாமா, நேர்ந்துகொண்ட காவடியை எடுக்கலாமா என்பவை கேள்விகள்.

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. இதய கிளினிக்கில் இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), ஹோல்டர் (உடம்பில் கட்டி நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் பெட்டி) என்று எடுத்தே தலை நரைத்த ஆள், இப்போது ரிட்டயர்டு. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதையெல்லாம் அண்ணனைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றதைச் சொல்கிறேன்.

நீங்கள் கருவியைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். நான் பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அண்ணன் ஏற்கெனவே டாக்டர்கள் கையில் இருக்கிறார். உங்களையும் பிள்ளைகளையும் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

ஆமாம், இது பெரும்பாலும் பரம்பரை. பெற்றோரில் ஒருவரிடம் பழுதான மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. அப்பாவுக்கும் இதே நோய்தான் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு 50 சதவீதம். உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இப்போதைய நிலையில் 25 சதவீதம். உங்களிடம் அது இல்லை என்று மரபணுச் சோதனையில் உறுதியானால் பிள்ளைகள் இருவரும் அந்த நிமிடமே விடுபட்டுவிடுவார்கள். அதனால்தான் முதலில் சோதிக்க வேண்டிய ஆள் நீங்கள். பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் நீங்கள் போய்ப் படுத்து இ.சி.ஜி. எடுங்கள். அதுவரை மகனின் ஓட்டப் பயிற்சியை நிறுத்தி வையுங்கள். பள்ளியில் டாக்டர் கடிதம் கேட்பார்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) விஷயத்தைச் சொன்னால் எழுதித் தருவார்கள்.

மரபணு வந்துவிட்டாலே நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே பழுதை வைத்துக்கொண்டு ஒருவர் 75 வயதுவரை பேரப்பிள்ளைகளோடு இருப்பார். அவர் தம்பி 28 வயதில் விழுவார். ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு முழுப் பதில் கிடைக்கவில்லை என்றாலும், ஒரு காரணம் நன்றாகத் தெரியும். அதைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இதயத் தசைச் செல்கள் ஒன்றோடொன்று சாக்குப்பை தைத்த மாதிரி தைக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தையல் நூலாக இருப்பவை சில புரதங்கள். பி.கே.பி.2, டி.எஸ்.பி., டி.எஸ்.ஜி.2 போன்ற மரபணுக்கள்தான் அவற்றைச் செய்கின்றன; மேல்நாட்டு நோயாளிகளிடம் அதிகம் பழுதாகக் காணப்படுவது பி.கே.பி.2. நூல் இற்றுப்போயிருந்தால், சாக்கில் எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் பிரியும். இதயத்துக்குப் பாரம் என்றால் கடும் உழைப்பும் மூச்சிரைக்கும் விளையாட்டும். ஓடும்போது அதிகமாக இழுபடுவது மெல்லிய சுவருள்ள வலது கீழறை. அதனால் நோய் பெரும்பாலும் அங்கே ஆரம்பிக்கிறது. பிரிந்த இடத்தில் தசைச் செல்கள் செத்து, கொழுப்பும் தழும்பும் நிரம்புகின்றன. மின்னோட்டம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தால், கீழறை நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல்கூடத் துடிக்கும். இரத்தம் வெளியே போகாது. ஆள் விழுவார்.

மாரடைப்பு வேறு. அதில் இரத்தக் குழாய் அடைபடுகிறது. இதில் குழாய்கள் சுத்தமாக இருக்கும், துடிப்புதான் கெடுகிறது. வேலைக்காட்டில் சுருண்டு விழுந்த 41 வயது மனிதருக்கு, அந்தக் காலத்தில், இதயத்தை அறுத்துப் பார்க்காமல் மாரடைப்பு என்றுதான் எழுதியிருப்பார்கள். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

கடும் பயிற்சி இந்த நோயை வளர்க்கிறது என்பது ஊகம் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுப் பழுது உள்ளவர்களில் நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் போன்ற விளையாட்டுகளில் ஈடுபட்டவர்களுக்கு நோய் இளம் வயதிலேயே தலைகாட்டியது. ஆபத்தான துடிப்புக் கோளாறும் இதயத் தளர்ச்சியும் அவர்களுக்கே அதிகம் வந்தன. இத்தாலியில் 1982இலிருந்து போட்டி விளையாட்டில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் இ.சி.ஜி.யோடு மருத்துவச் சோதனை சட்டப்படி கட்டாயம். பாதுவா நகரம் இருக்கும் வெனெத்தோ மாநிலத்தில், 1979க்கும் 2004க்கும் இடையே இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணம் 89 சதவீதம் குறைந்தது. அங்கே அந்த மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதே ஏ.ஆர்.வி.சி. பந்து பார்ப்பவர்களுக்கு செவிய்யா அணியின் அந்தோனியோ புவெர்த்தாவைத் தெரிந்திருக்கும். 2007 ஆகஸ்டில் ஆட்டத்தில் விழுந்து, 22 வயதில் இறந்தார். காரணம் இதுதான். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் டெய்லர். 2016இல், 26 வயதில், நோய் தெரிந்ததும் மட்டையைக் கீழே வைத்தார். உயிரோடு இருக்கிறார்.

இனி, உங்கள் குடும்பத்துக்கு என்ன சோதனை என்பதற்கு வருகிறேன்.

இ.சி.ஜி., எக்கோ, 24 மணி நேர ஹோல்டர் மூன்றும் அடிப்படை. சந்தேகம் வந்தால் இதய எம்.ஆர்.ஐ. எக்கோவில் வலது கீழறை சரியாகத் தெரியாது, அது நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எம்.ஆர்.ஐ.யில்தான் அதன் அளவும் தழும்பும் தெளிவாக வரும். இ.சி.ஜி.யில் டாக்டர் முதலில் பார்ப்பது வி1, வி2, வி3 என்ற மூன்று இடங்கள். அங்கே டி அலை என்ற மேடு தலைகீழாக இருந்தால் ஏ.ஆர்.வி.சி.யை நினைக்க வேண்டும். ஆனால் 14 வயதுக்குக் கீழே அது தலைகீழாக இருப்பது சாதாரணம். உங்கள் மகனின் இ.சி.ஜி.யில் அப்படி வந்து, கூகளில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500க்கு மேல் கீழறையிலிருந்து கூடுதல் துடிப்பு வந்தால் அதுவும் ஒரு குறி. எந்த ஒரு சோதனையும் தனியாக முடிவு சொல்லாது. பலவற்றைக் கூட்டிப் புள்ளி போட்டு முடிவெடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. 1994இல் வந்தது, 2010இல் திருத்தினார்கள்.

ஹோல்டர் கட்டும்போது நம் ஆட்கள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, இடுப்பில் பெட்டியை மாட்டி அனுப்பினால், நேராக வீட்டுக்குப் போய் எம்.சி. (மருத்துவ விடுப்பு) போட்டுவிட்டு, நாள் முழுக்க டிவி முன்னால் படுத்துக்கொள்வார்கள். மறுநாள் பெட்டியைத் திருப்பித் தரும்போது 'ஒன்றும் ஆகவில்லை' என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். படுத்திருந்த இதயத்தில் என்ன தெரியும்? டாக்டர் தடுக்காத அளவில் வழக்கமான நடமாட்டம் இருக்கட்டும். வேர்வையில் ஸ்டிக்கர் கழன்றால் அப்படியே விட்டுவிடாமல் அழுத்தி ஒட்டுங்கள். படபடப்பு வந்த நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். 'சாயங்காலம் 5:20, மாடிப்படி ஏறும்போது' என்ற ஒரு வரி, அந்தப் பெட்டியில் இருக்கும் லட்சம் துடிப்புகளை விட டாக்டருக்கு உதவும்.

மரபணுச் சோதனையை நோய் உள்ளவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அதாவது அண்ணன். அவர் இரத்தத்தில் குற்றவாளி மரபணு கிடைத்தால், உங்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். உண்டு, இல்லை என்று பதில் வரும். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் காரணம் கிடைக்கிறது. கிடைக்கவில்லை என்றாலோ, 'இது நோய் தருமா என்று தெளிவில்லை' என்று முடிவு வந்தாலோ, அதை வைத்து யாரையும் விடுவிக்கவும் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. பழையபடி இ.சி.ஜி., எக்கோ என்று தொடர்ந்து பார்க்க வேண்டியதுதான். அண்ணனைக் கேட்காமல் உங்கள் இரத்தத்தை மட்டும் தனியார் லேபில் கொடுத்து, 'ஒன்றும் இல்லை' என்ற காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது வீண் செலவு. கோலாலம்பூரில் ஐ.ஜே.என். (தேசிய இதய மருத்துவமனை), யூனிவர்சிட்டி மலாயா மருத்துவமனை போன்ற இடங்களுக்கு ஈப்போ டாக்டரே கடிதம் எழுதி அனுப்ப முடியும். கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு 10 முதல் 12 வயதில் தொடங்கி, ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை சோதனை. அதற்கு முன்னால் இந்த நோய் தலைகாட்டுவது அபூர்வம். மகனுக்கு இப்போதே, மகளுக்கு, அவளுக்கு மயக்கமோ படபடப்போ இல்லாதவரை, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: இந்த வருஷம் இ.சி.ஜி. நன்றாக இருந்தால், இந்த வருஷம் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். நம் குடும்பங்களில் ஒருமுறை 'ஓகே' என்று டாக்டர் சொல்லிவிட்டால் அதோடு பைலை அலமாரியில் பூட்டிவிடுவார்கள். இந்த நோய் 20க்கும் 40க்கும் இடையில்தான் பெரும்பாலும் வெளியே வருகிறது.

அடுத்து வீட்டில் செய்ய வேண்டிய ஒரு வேலை. அதற்கு மெஷின் வேண்டாம், பாட்டி போதும். அப்பா வழியில் மூன்று தலைமுறைக்கு ஒரு படம் போடுங்கள். யார் யார் 50 வயதுக்கு முன்னால் திடீரென்று போனார்கள்? வெறும் 'மாரடைப்பு' என்று மட்டும் கேட்டால் பாதி விட்டுப்போகும். நீச்சல் தெரிந்தும் ஆற்றில் மூழ்கிய சித்தப்பா, காலி ரோட்டில் மோட்டாரோடு மரத்தில் மோதிய பெரியப்பா மகன், நடுக்காட்டில் முனி அடித்து இறந்ததாகச் சொல்லப்படும் தாத்தாவின் தம்பி என்று எல்லாரையும் கேளுங்கள். சின்ன வயதில் இதயம் பெருத்து, மூச்சு வாங்கி இறந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறப்பிலிருந்தே கம்பளி மாதிரி சுருண்ட முடியும், நடக்க ஆரம்பித்த வயதிலேயே தடித்துப்போன உள்ளங்கை, உள்ளங்காலும் ஒரே ஆளுக்கு இருந்ததா என்றும் கேளுங்கள். கிரேக்க நாட்டு நாக்சோஸ் தீவில் 1986இல் கண்டறிந்த இதே வகை நோய் ஒன்று அப்படித்தான் வெளியே தெரியும். குலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கையை இதில் சேர்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால் தோட்டத்தில் பாதிப் பேருக்கு நோய் இருக்கும்!

தோட்டம் உடைந்து சொந்தங்கள் ஜொகூர், கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடப்பார்கள். அத்தை, சித்தப்பா பிள்ளைகளுக்கும் இந்தச் சேதி போய்ச் சேர வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் பொதுவாகப் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்லுங்கள், டாக்டர் கடிதத்தின் போட்டோவோடு. கல்யாணமோ கருமாதியோ, எல்லாரும் கூடும் இடத்தில் பெரியவர் ஒருவரை விட்டுச் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. 'பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதை ஏன் வெளியே சொல்கிறாய்' என்று ஒரு குரல் கட்டாயம் எழும். அந்தப் பெண்ணுக்கும் அதே பாதிக்குப் பாதி இருக்கிறது என்பதை அப்போது ஞாபகப்படுத்துங்கள். மாமன் மகள், அத்தை மகன் கட்டும் வழக்கம் உள்ள குடும்பம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே பழுது ஓடினால், இரட்டைப் பங்கு வாங்கிப் பிறக்கும் பிள்ளைக்கு நோய் சின்ன வயதிலேயே கடுமையாக வரலாம்.

நம் வம்சாவளியில் இன்னொரு இதயத் தசை மரபணுவையும் டாக்டர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. அது ஏ.ஆர்.வி.சி. இல்லை, தசை தடிப்பது, தளர்வது என்று வேறு வகை. அந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தசை தடிக்கும் நோய் உள்ளவர்களுக்கு அளவான உடற்பயிற்சி நல்லது என்று 2020க்குப் பின் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்களே சொல்கின்றன. யாராவது அதைப் படித்துவிட்டு 'பரம்பரை இதய நோய் இருந்தாலும் ஓடலாமாம்' என்று அண்ணனிடம் சொல்வார்கள். ஏ.ஆர்.வி.சி.க்கு அது பொருந்தாது.

சரி, கருவி.

ஐ.சி.டி. நோயைக் குணப்படுத்தாது. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு துடிப்பையும் கவனித்துக்கொண்டிருக்கும். கீழறை வெறி பிடித்து ஓடினால் முதலில் சின்னச் சின்னத் துடிப்புகளைக் கொடுத்து அடக்கப் பார்க்கும். அடங்காவிட்டால் ஒரு ஷாக். மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற டாக்டர் தம் ஆசான் துடிப்புக் கோளாறில் இறந்ததைப் பார்த்து யோசிக்கத் தொடங்கிய கருவி இது. மனிதருக்கு முதலில் வைத்தது 1980இல், பால்டிமோரில்.

யாருக்கு வேண்டும்? ஒருமுறை இதயம் நின்று காப்பாற்றப்பட்டவருக்கும், கீழறை வேகத் துடிப்பு நீடித்து வந்தவருக்கும் அநேகமாகக் கட்டாயம். மற்றவர்களுக்கு 2019இல் வந்த ஒரு கணக்கீட்டைப் பல டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். வயது, ஆணா பெண்ணா, சமீபத்தில் இதயத்தால் மயக்கம் வந்ததா, ஹோல்டரில் எத்தனை கூடுதல் துடிப்பு, அவை தொடராக வந்தனவா, எத்தனை இடத்தில் டி அலை கவிழ்ந்திருக்கிறது, வலது கீழறை எவ்வளவு பலமாக இரத்தத்தைத் தள்ளுகிறது, இவற்றை வைத்து அடுத்த ஐந்து வருஷ ஆபத்தைச் சொல்லும். அண்ணன் இளம் ஆண், விளையாட்டின் நடுவில் முன்னறிவிப்பு இல்லாமல் விழுந்தவர். அப்பா கதை வேறு பின்னால் நிற்கிறது. அதையெல்லாம் வைத்துத்தான் கருவி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். 'என் கணக்கு எத்தனை சதவீதம்?' என்று டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், நான் வைத்துக்கொள்வேன்.

மயக்கத்திலும் வகை உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்கும் உதவும். பள்ளிக் காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று, கண் இருட்டி, குளிர்ந்து வேர்த்து, மெதுவாகச் சாய்வது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போன மாதிரி விழுவது இதயம்தான், வேறு என்று நிரூபிக்கும்வரை.

கருவி வைத்த பின் நாலைந்து வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. பேட்டரி பொதுவாக 7 முதல் 10 வருஷம் தாங்கும், அப்புறம் மாற்ற வேண்டும். ஒரே ஒரு ஷாக் அடித்து, அப்புறம் ஆள் நன்றாக இருந்தால் அன்றைக்கோ மறுநாளோ கிளினிக்குக்குச் சொன்னால் போதும். அடுத்தடுத்து இரண்டு அடித்தாலோ, அடித்த பிறகு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 999 (ஆம்புலன்ஸ் எண்). ஷாக் அடிக்கும்போது அண்ணி கையைப் பிடித்திருந்தால் அவருக்குச் சுருக்கென்று இருக்கலாம், ஆபத்து இல்லை. கைப்பேசியை 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சட்டையின் இடது பாக்கெட் இனி அதற்கு இல்லை. மைக்ரோவேவ் பரவாயில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் சமைப்பதானால் இரண்டடி தள்ளி. ஓடும் என்ஜினின் ஸ்பார்க் பிளக் பக்கம் நெஞ்சைக் கொண்டுபோகக்கூடாது, குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி. லோரி பட்டறையில் வெல்டிங் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சில நேரம் காரணமே இல்லாமலும் ஷாக் அடிக்கும். அப்புறம் அடுத்தது எப்போது என்ற பயத்தில் தூக்கம் போய்விடும். அதைக் கோழைத்தனம் என்று வீட்டில் கிண்டல் செய்ய வேண்டாம். கிளினிக்கில் சொன்னால் கருவியின் அளவுகளை மாற்றியமைப்பார்கள், மனநல ஆலோசனைக்கும் அனுப்புவார்கள்.

கருவியோடு மாத்திரையும் உண்டு. துடிப்பின் வேகத்தை அடக்கும் பீட்டா பிளாக்கர்தான் அடித்தளம். போதாவிட்டால் சோட்டலோல் அல்லது அமியோடரோன். அமியோடரோன் சாப்பிட்டால் தைராய்டு, ஈரல் இரத்தச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடாமல் பார்க்க வேண்டும். ஷாக் அடிக்கடி வந்தால் தழும்பின் மின்பாதையைச் சுடும் அப்லேஷன் செய்யலாம். அது ஷாக்கைக் குறைக்கும், கருவியின் தேவையை நீக்காது. எனர்ஜி டிரிங்க், ஜிம் பவுடர், மூக்கடைப்புக்குக் கடையில் தானாக வாங்கும் மாத்திரை மூன்றையும் விட்டுவிட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து துடிப்பு கெடும். இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே கிளினிக்.

வேலையைப் பற்றிச் சொல்வதுதான் கஷ்டம். குலை வெட்டுவது முடிந்தது. ஒரு குலை 20 கிலோ இருக்கும். நீளக் கம்பை அண்ணாந்து பிடித்து இழுப்பது இதயத்துக்கும் ஆகாது, தோளுக்கடியில் போகும் கருவியின் ஒயருக்கும் ஆகாது. லோரியும் அநேகமாக முடிந்தது. ஐ.சி.டி. வைத்தவர் லோரி, பஸ் ஓட்டக்கூடாது என்பதே பெரும்பாலான நாடுகளின் வழிகாட்டுதல். செம்பனை ஏற்றிய லோரி மில் ரோட்டில் இறங்கும்போது ஓட்டுநருக்கு ஐந்து விநாடி நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று அண்ணனுக்கே தெரியும். சொந்தக் காடி (கார்), மோட்டார் ஓட்டுவது வேறு. விழுந்த பின் சில மாதம் நிறுத்திவிட்டு, ஷாக் இல்லாமல் இருந்தால் டாக்டர் அனுமதிப்பார்; மோட்டாரை விடக் காடி மேல்.

குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்று கேட்பீர்கள். அண்ணனுக்குச் சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) சந்தா பிடித்திருந்தால், வேலை செய்ய இயலாதவர்களுக்கான பென்ஷன் திட்டம் இருக்கிறது. மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும். சந்தா கட்டிய காலமும் கணக்கில் வரும். வேறு வேலைக்குப் பயிற்சி தந்து திரும்ப அனுப்பும் திட்டமும் அவர்களிடமே உண்டு. வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்னால் சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். முதலில் ராஜினாமா செய்துவிட்டு, அப்புறம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலாளியிடமும் பேசிப் பாருங்கள். எடை போடும் இடம், ஸ்டோர், குலைக் கணக்கு எழுதுவது மாதிரி உட்கார்ந்து செய்யும் வேலை எந்தத் தோட்டத்திலும் ஒன்றிரண்டு இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனால் கருவிக்குப் பெரிய தொகை கேட்கலாம். கட்ட முடியாது என்றால் வார்டு மிசியிடம் (நர்ஸ்) சொல்லி, மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைப் பாருங்கள். 'தாபோங் பந்துவான் பெருபாத்தான்' என்ற சுகாதார அமைச்சின் உதவி நிதிக்கு அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் கேட்பார்கள், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

காவடி. விரதத்தில் வயிறு காலி, முந்தின ராத்திரி தூக்கம் இல்லை, வெயில், வேர்வை, தோளில் பாரம், உறுமி மேளத்துக்கு ஆட்டம். துடிப்பு கெட என்னென்ன வேண்டுமோ எல்லாம் ஒரே காலையில் கூடிவிடும். அதனால் காவடி வேண்டாம். நேர்த்திக்கடனைச் செலுத்தப் பால்குடம் இருக்கிறது, முடி இறக்குவது இருக்கிறது, அன்னதானம் இருக்கிறது. கூட்டம் குறைந்த நாளில், வெயில் ஏறுவதற்கு முன்னால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு மெதுவாக நடந்து போய்ச் செலுத்தலாம். அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சமதரையில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தினமும் நடப்பது அண்ணனுக்கு நல்லதுதான். ஃபுட்சால் மட்டும் இனி கரையில் உட்கார்ந்துதான். விசில் ஊதும் வேலையும் வேண்டாம், ரெஃப்ரீயும் ஓடத்தான் செய்கிறார்.

கருவி வைக்கும் தேதி வரும்வரை வீட்டில் யாராவது இருவர் நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சும் விடாமல் இருந்தால், ஒருவர் 999ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் தோட்டத்துக்குள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சோடா தெளிப்பது, சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பது, காடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறப்பது எல்லாம் அந்த நிமிடங்களைத் தின்றுவிடும்.

அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு நீங்களும் கூடப் போங்கள். அண்ணனின் இ.சி.ஜி., எம்.ஆர்.ஐ. அறிக்கை இரண்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அந்த நகலையும் மூன்று தலைமுறைப் படத்தையும் எடுத்துக்கொண்டு, உங்கள் பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என இரண்டு கடிதத்துக்குச் சுங்கை சிப்புட் கிளினிக்கில் கேளுங்கள். 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை, சும்மா செக்கப்' என்று கவுண்டரில் சொல்லாதீர்கள், வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். 'கூடப் பிறந்தவருக்கு ஏ.ஆர்.வி.சி., அப்பா 41 வயதில் திடீர் மரணம்' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.